லாரியில் வந்த மலை

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையின் கிழக்கு ஓரத்தில் நின்றால் கடலுக்கு முன் கல் தெரிகிறது. ஆள் உயரக் கருங்கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கின்றன. தெற்கே காசிமேட்டை நோக்கியும் வடக்கே எண்ணூரை நோக்கியும் விட்டுவிட்டு நீளும் இந்தக் கல் வரிசையைத் தாண்டித்தான் அலை. ஆங்காங்கே கடலுக்குள் கை நீட்டியதுபோல் போகும் கல் மேடுகளைத் தூண்டில் வளைவு என்கிறார்கள். மாலையில் பையன்கள் அதன் நுனியில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள்.

உடைத்து அதிக நாள் ஆகாத கல்லைப் பாருங்கள். நீலம் ஓடிய கறுப்பு, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். பக்கத்தில் பல வருடம் உப்புக்காற்று குடித்த கல்லின் மேல் பழுப்பாக ஒரு தோல் படர்ந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் அந்தத் தோல் பொடியாக உதிரும். உலகத்தில் நாம் நெல் விளைத்த மண், பானை வனைந்த மண், வீடு கட்டிய மண் எல்லாம் இப்படி உதிர்ந்த பொடியிலிருந்து தொடங்கியதுதான்.

சென்னையைச் சுற்றியுள்ள கருங்கல் பெரும்பாலும் ஒரே இனம். புவியியலில் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் கல்கத்தாவில் இறந்தபின் அவருடைய கல்லறைக்கு வைத்த கல் மதராஸ் பக்கத்துக் கல். இருநூறு ஆண்டு கழித்து, 1893-ல், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லும் பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் ஒன்றே என்று கண்டு, இறந்தவரின் பெயரையே பாறைக்கு வைத்தார். பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. இன்றும் பல்லாவரம் போனால் தேசியப் புவியியல் சின்னம் என்று அறிவிக்கப்பட்ட அதன் ஒரு துண்டைப் பார்க்கலாம்.

இத்தனை கெட்டியான கல் எப்படி மண்ணாகிறது? மழை வானத்திலிருந்து விழும்போதே காற்றிலுள்ள கரிவளியைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகத்தான் வருகிறது. பாறை இடுக்கில் ஒரு செடி வேர் விட்டால், அந்த வேர் விடும் மூச்சு இந்த அமிலத்துக்கு வலுவூட்டுகிறது. பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் பாறையில் விரிசல் விழ, அந்த விரிசலில் நீர் இறங்க, உள்ளே வேலை நடக்கிறது. கல்லில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நீரோடு சேர்ந்து குழைந்து களிமண்ணாகிறது. கரும்பச்சையாகத் தெரியும் கனிமங்களிலுள்ள இரும்பு துருவாகி மண்ணைச் சிவக்க வைக்கிறது. வெங்கச்சங்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாமல் நின்று, மற்றதெல்லாம் கரைந்து போனபின் மணலாக உதிர்கிறது. ஒரு கல்லுக்கு மூன்று வாரிசு: களி, செம்மண், மணல்.

நாலாவது வாரிசும் உண்டு, கண்ணுக்குத் தெரியாமல் போவதால் கணக்கில் வருவதில்லை. பாறையிலிருந்து கரைந்த சுண்ணாம்புச் சத்து ஆற்று நீரோடு கழிமுகத்துக்கு வருகிறது. அங்கே மட்டியும் ஆளியும் அதை எடுத்து ஓடாக்கிக்கொள்கின்றன. அந்த ஓட்டைச் சுட்டு நீற்றித்தான், கண்ணாடிபோல் பளபளக்கிறது என்று வெளிநாட்டார் வியந்த மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு செய்தார்கள். மலை கரைந்து, மட்டி ஓடாகி, பிறகு மாளிகைச் சுவராகி நின்ற ஊர் இது.

செம்மண்ணைப் பார்க்க வடசென்னைக்காரர் வெகுதூரம் போக வேண்டாம். செங்குன்றம் என்ற பெயரிலேயே இருக்கிறது. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில் இரும்பு மேலே தங்கி இறுகி, வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டால் கல்லாகவும் ஆகும் செம்புரைக்கல் உண்டாகிறது. 1800-ல் மதராஸிலிருந்து கிளம்பி மலபார் வரை பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் கேரளத்து அங்காடிப்புரத்தில் பார்த்த இந்தக் கல்லுக்கு லாட்டரைட் என்று பெயர் கொடுத்தார். உலகமெங்கும் இன்று அதுதான் பெயர்.

நம் கதைக்கு வேண்டிய ஆறு கொசஸ்தலை. கொற்றலையாறு என்றும் சொல்வார்கள். அந்த ஆற்றுப் படுகையில், சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863 மே மாதம் பல்லாவரத்துச் சரளை மண்ணிலிருந்து இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அங்கே செம்புரைச் சரளையில் கைக்கோடரிகள் கிடந்தன. சாந்தி பப்பு தலைமையிலான ஆய்வாளர்கள் அதே இடத்தை அடுக்கு அடுக்காக அகழ்ந்து, மிகப் பழைய அடுக்கின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள். அந்த வயதைச் சொல்ல முடிந்ததே மண்ணால்தான். களி அடுக்கின் மேல் சரளை அடுக்கு, அதன் மேல் வேறொரு மண் என்று ஆறும் மழையும் படிய வைத்த வரிசை கலையாமல் இருந்ததால், எது முந்தியது எது பிந்தியது என்று படிக்க முடிந்தது. ஒரு ஜேசிபி வண்டி அரை நாள் வேலை செய்திருந்தால் அந்த ஏடு போயிருக்கும்.

கருவி செய்த மனிதர்கள் உருண்டைக் கற்களைப் பொறுக்கிய அந்த ஆறுதான், மணலையும் வண்டலையும் உருட்டிக்கொண்டு வந்து எண்ணூரில் கடலில் சேர்ந்தது. தெற்கே பாலாறும் பெண்ணையும் காவிரியும் கொண்டுவந்து கொட்டிய மணலும் இந்தக் கரைக்கு வந்தது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திருப்பித் தெற்கே தள்ளுகிறது. வருடக் கணக்கை முடித்தால் வடக்கே போனதே அதிகம். சோழமண்டலக் கரை நெடுக நின்ற மணல் எல்லாம் உண்மையில் போய்க்கொண்டே இருந்த மணல். போன இடத்துக்குப் புதுசு வந்துகொண்டே இருந்ததால் கரை நிலையாக இருந்தது.

அந்த மணல் இந்த ஊருக்கு என்னவெல்லாம் தந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். முதலில் தண்ணீர். மணல் மேட்டில் பெய்த மழை இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மிதப்பதுபோல் நல்ல நீராகத் தங்கும். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் தோண்டினாலும் குடிக்கும் தண்ணீர் கிடைத்தது அதனால்தான். ராயபுரத்துக்கு எட்டும் தூரத்தில் ஏழுகிணறு இருக்கிறது. 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்கத் திட்டமிட்டு வெட்டிய கிணறுகள் அந்தத் தெருவுக்குப் பெயராகிவிட்டன.

அடுத்து, வேலை செய்யும் இடம். கட்டுமரத்தை ஏற்றி உலர்த்த, வலை விரிக்க, மீன் காயப்போட, நெத்திலியைக் கொட்டிப் பிரிக்க மணல் வேண்டும். இருபுறமும் ஆட்கள் நின்று கயிறு பிடித்து இழுக்கும் கரைவலைக்கு நீண்ட மணல் கரை இல்லாமல் முடியாது. மணலில் அடப்பங்கொடி படர்ந்து அதை இறுக்கிப் பிடிக்கும். பின்னால் தாழை. எண்ணூர்த் தாழங்குப்பத்தின் பெயரில் அந்தத் தாழை இன்னும் இருக்கிறது. பங்குனி ஆமை முட்டையிட ஏறி வந்ததும் மணலைத் தேடித்தான். அலை சீறி வரும் நாளில் அதை வாங்கிக்கொண்டு வேகத்தைத் தின்று திருப்பி அனுப்பியதும் மணல்தான்.

பிறகு துறைமுகம் வந்தது. அதுவரை மதராஸுக்குத் துறைமுகம் என்று ஒன்றில்லை. கப்பல் நடுக்கடலில் நிற்கும். தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆளையும் கரை சேர்க்கும். படகோட்டிகள் ராயபுரத்தில் இருந்தார்கள். அவர்கள் கும்பிட்ட புனித பேதுருவான ராயப்பரின் பெயரால்தான் அந்த ஊருக்கே பெயர் வந்தது என்பார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டதும் அந்த ராயபுரத்திலிருந்து.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டம்: கடலுக்குள் இரண்டு கல் அணைகள், கிழக்கே வாசல். 1881 நவம்பர் புயலில் கட்டியதில் பெரும்பகுதி குலைந்தது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கு வாசல் மணலால் அவஸ்தைப்பட்டதால், 1904-ல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி வடகிழக்கில் வாசல் வைத்தார்கள்.

கப்பலுக்கு நல்லது நடந்தது. மணலுக்கு வழி அடைபட்டது. தெற்கிலிருந்து வந்த மணல் துறைமுகத்தின் தெற்குச் சுவரில் முட்டி நின்று, வருடத்துக்கு வருடம் குவிந்து அகலமானது. அந்தப் புது மணலைப் பார்த்து ஆசைப்பட்ட கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் அங்கே உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். அதற்கு முன் அலை கோட்டைக்கு அருகிலேயே அடித்தது. இன்று லட்சக்கணக்கானோர் சுண்டல் தின்று காற்று வாங்கும் அந்த அகன்ற வெளி முழுவதும் வடக்கே போயிருக்க வேண்டிய மணல். மெரினாவில் உட்காரும் ஒவ்வொருவரும் ராயபுரத்தின் பங்கில் உட்கார்ந்திருக்கிறோம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, கடனாகச் சொல்கிறேன்.

துறைமுகத்துக்கு வடக்கே அலையின் வேலை நிற்கவில்லை. அது வழக்கம்போல் மணலை வடக்கே எடுத்துப் போனது; ஈடாக வர வேண்டியது வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. வீடும் தெருவும் கோயிலும் கடலுக்குள் போன கதை இல்லாத குப்பம் இந்தப் பக்கத்தில் இல்லை. சாலைக்கே ஆபத்து வந்தபின் லாரி லாரியாகக் கல் வந்தது.

இங்கேதான் எனக்கு மனம் கொள்ளாமல் போகிறது. அன்று மலை இந்தக் கரைக்கு வந்த விதம் வேறு. லட்சக்கணக்கான ஆண்டு மழையில் நனைந்து, களியை வயலில் விட்டு, செம்மண்ணை மேட்டில் விட்டு, தேறிய குவார்ட்ஸை ஆற்றில் உருட்டி, மாவாகச் சலித்து, ஆமை முட்டையிடும் பதத்தில் கொண்டுவந்து சேர்த்தது. இன்று மலையை வெடி வைத்துப் பிளந்து, மண்ணாகும் முன்பே, கல்லாகவே லாரியில் ஏற்றிக் கரையில் கொட்டுகிறோம். கல் அலையைத் தடுக்கிறது. சாலை பிழைத்தது, வீடுகளும் பிழைத்தன, அதை மறுக்க முடியாது. தூண்டில் வளைவுகளின் இடுக்கில் சில இடங்களில் மணல் திரும்பவும் சேர்ந்து படகு ஏற்ற இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் கல் சுவர் முடியும் இடத்துக்கு வடக்கே பசி தொடர்கிறது. அங்கே அடுத்த சுவர், அதற்கு வடக்கே இன்னொன்று. எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001-ல் திறந்தது. அதை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. மணலின் பாதையில் மேலும் இரண்டு தடை. பழவேற்காடு வரையுள்ள கரைக்கு அது இப்போது கவலை.

ஆற்று வழியும் அடைபட்டது. 1944-ல் கொசஸ்தலையின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டினார்கள். மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் அணையைக் குறை சொல்ல யாருக்கும் நா எழாது. ஆனால் தேங்கிய நீரில் மணலும் வண்டலும் அடியில் படிந்துவிடும். அணைக்குக் கீழே மிஞ்சிய மணலைக் கட்டடம் கட்ட அள்ளினோம். ஆற்று மணல் அரிதானபின் கல்லைக் கிரஷரில் அரைத்து எம்-சாண்ட் செய்கிறோம். மணலையாவது அப்படிச் செய்துவிடலாம். களியும் செம்மண்ணும் கலந்து, உயிர் குடியேறிய மேல்மண்ணை அரைத்துத் தரும் கிரஷர் எங்கும் கிடையாது. வெறும் பாறையிலிருந்து ஓர் அங்குல மேல்மண் சேர இயற்கைக்குச் சில நூறு ஆண்டுகளாவது பிடிக்கிறது.

மீஞ்சூர்ப் பக்கம் போனால் மற்றொரு நஷ்டம் தெரியும். ஆரணியாறும் கொசஸ்தலையும் படிய வைத்த வண்டல்படுகை நிலத்தடி நீரின் பெரும் களஞ்சியம். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் அங்கிருந்து பல பத்தாண்டுகள் இறைத்தோம். மேலிருந்து இறங்கிய மழைநீரைவிட இறைத்தது கூடியபோது, நல்ல நீர் விட்ட இடத்தில் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. உப்பு ஏறிய களி தன் கட்டுக் குலைந்து, காற்றும் நீரும் புக இடமில்லாமல் இறுகிப்போகும். உவர் தட்டிய நிலம் என்று விவசாயி ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்.

எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று மேற்கே பார்த்தால் புகைபோக்கிகள். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடியது. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையமும் அருகே வல்லூர் நிலையமும் ஓடுகின்றன. ஒடிசாச் சுரங்கங்களிலிருந்து கப்பலேறி வரும் நம் நாட்டு நிலக்கரியை நூறு கிலோ எரித்தால் முப்பது கிலோவுக்குக் குறையாமல் சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் உடைந்தும் கசிந்தும் எத்தனையோ முறை அது கொசஸ்தலைக் கழிமுகத்தில் கலந்தது. செப்பாக்கம் கிராமம் சாம்பல் குளத்தின் ஓரத்திலேயே வாழ்கிறது.

தூரத்திலிருந்து அந்தச் சாம்பல் மேட்டைப் பார்த்தால் வண்டல் என்றே தோன்றும். நிறம் ஏறக்குறைய அதேதான், நுண்மையும் அதேதான். நுண்ணோக்கியில் வைத்தால் குட்டு வெளிப்படும்: சாம்பல் துகள் கண்ணாடிபோல் உருகி உறைந்த சின்னச் சின்ன உருண்டை. களிமண் துகள் தகடு தகடாக அடுக்கி, இடையில் நீரையும் சத்தையும் பிடித்து வைத்து வேர் கேட்கும்போது கொடுக்கும். சாம்பலில் அந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆர்செனிக் போன்ற நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதுண்டு. நல்ல மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர் இருக்கும். கழிமுகச் சேறு அதைவிட அடர்ந்த வீடு. அந்தச் சேற்றில்தான் இறால் குஞ்சு வளர்ந்தது, மட்டி கிடந்தது, அலையாத்தி வேர் ஊன்றியது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் நடந்த தரையில் சாம்பல் படிந்து, கால்வாய் மேடு தட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெயும் கலந்து, சேற்றிலும் அலையாத்தியின் மூச்சு வேர்களிலும் கறுப்பாக ஒட்டியது. சாம்பலைச் சிமெண்டிலும் செங்கல்லிலும் சேர்க்கலாம், சேர்க்கிறார்கள். கழிமுகத்துக்கு மட்டும் அது ஆகாது.

திருவொற்றியூர்க் கோயிலைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத எனக்கு மனமில்லை. ஊழி வெள்ளத்தை ஒதுங்கி நிற்கச் சொன்னதால் ஒற்றியூர் என்று தலபுராணம் பெயர்க்காரணம் சொல்கிறது. அங்கே மூலவர் ஆதிபுரீசுவரர் கல்லில் செதுக்கிய லிங்கம் இல்லை, புற்று மண். ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுத்துத் தைலக் காப்பிடுவார்கள். அந்த மூன்று நாளும் வடசென்னையே வரிசையில் நிற்கும்.

புற்று என்பது கரையான் கட்டிய மண். நிலத்தின் ஆழத்திலிருந்து நுண்ணிய களியை வாயில் எடுத்து வந்து, எச்சிலில் குழைத்து, மேலே அடுக்குகிறது அந்தப் பூச்சி. கீழே புதைந்த சத்தை மேலே கொண்டுவரும் வேலை அது. மண்புழு செய்வதும் ஏறக்குறைய அதேதான். மதராஸ் துறைமுகத்தைப் புயல் உடைத்த அதே 1881-ல், ஒரு மாதம் முன்னால், டார்வின் தம் கடைசிப் புத்தகத்தை வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போய் மேலே வருகிறது என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். பாறையை மழை உடைத்துத் தருகிறது. அதை மண்ணாக்குவது இந்த உயிர்கள். இதை எந்த நூலும் படிக்காமலே புற்று மண்ணைக் கருவறையில் வைத்துக் கும்பிட்டவர்கள் நம் முன்னோர்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எண்ணூர்க் கழிமுகச் சாம்பல் வழக்கை விசாரித்து, சாம்பலை அகற்றி ஆற்றைச் சீராக்க உத்தரவிட்டிருக்கிறது. துறைமுகத்தைப் பெயர்த்தெடுக்க யாரும் கேட்கவில்லை. ஆனால் தெற்கே குவியும் மணலை எடுத்து வடக்கே போட்டுக் கடலின் கணக்கை நேர் செய்வது உலகத்துத் துறைமுகங்கள் பலவற்றில் நடக்கும் வேலை. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் அதற்கென்றே குழாய் போட்டு மணலை இறைக்கிறார்கள். நம் கரையில் கல்லுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை மணலுக்குச் செலவழிக்க வேண்டும். கழிமுகத்தில் மிஞ்சிய சேற்று நிலத்தில் ஒரு கூடைச் சவுடுகூட இனிக் கொட்டக் கூடாது.

இந்தக் கார்த்திகைக்கு ஒற்றியூர் போகிறவர்கள் தரிசனம் முடிந்து கிழக்கே கடல் வரை நடந்து வாருங்கள், நடக்கிற தூரம்தான். கல் வரிசை மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் உங்கள் மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் கேளுங்கள்: கொசஸ்தலையில் படிந்த சாம்பலில் இதுவரை எவ்வளவு அள்ளினீர்கள், மிச்சத்தை எந்தத் தேதிக்குள் அள்ளுவீர்கள்?